கொல்லிமலையில் சித்தியோடு ஐந்து நாள்

சித்தி கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1994 முதல் 2006 வரை பன்னிரண்டு வருஷம் கொல்லிமலையில் வேலை, அப்புறம் கீழே வந்துவிட்டார். அறப்பளீஸ்வரருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், துணைக்கு நான் கிளம்பினேன். அருவி, குளிர், நல்ல தூக்கம், இதுதான் என் திட்டம். நடந்தது வேறு. தினமும் ராத்திரி போனில் குறித்து வைத்ததை நாள்வாரியாகப் போடுகிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு: காரவள்ளி, செம்மேடு

நாமக்கல்லில் இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி அடிவாரம் வரை சுகமாகத்தான் இருந்தது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. இருபதைத் தாண்டியதும் வயிறு புரட்ட ஆரம்பித்தது, நாற்பத்திமூன்றில் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துவிட்டேன், அதற்குப் பிறகும் இருபத்தேழு வளைவு மீதி.

முன் சீட்டில் கோழிக்குஞ்சுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா. கூடையைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் மூக்குக்குக் கீழே பிடித்தார். "கண்ண மூடாத அம்மிணி, தூரத்துல தெரியற மலையைப் பாரு." கடைசி வளைவு வரைக்கும் கையை எடுக்கவே இல்லை. இறங்கும்போது பழத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார், பேர்கூடக் கேட்கவில்லை.

சித்திக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "இந்த ரோட்டுலதான் கண்ணு, வலி எடுத்த பொண்ணுகளை ஜீப்புல படுக்க வச்சு இறக்குவோம். தலைய என் மடியில வச்சுக்குவேன். வளைவுல வண்டி சாயறப்போ அவளும் நானும் சேர்ந்து சாய்வோம்."

வெறும் வயிற்றுப் பிரட்டலுக்கே நான் இந்தப் பாடுபட்டேன். பனிக்குடம் உடைந்த ஒருத்தி, ரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஒருத்தி, இதே எழுபது வளைவு. அதன்பிறகு பலகைகளில் இருந்த எண்களைப் பார்க்கவே மனசு வரவில்லை.

செம்மேட்டில் அறை 900 ரூபாய். கம்பளி ஈரமாக இருந்தது, மாற்றிக் கேட்டதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். சாயங்காலம் தூறலில் முடவாட்டுக்கால் சூப், ஒரு டம்ளர் 40 ரூபாய். பாறையில் படர்ந்து வளரும் கிழங்கு, மேலே ரோமம் ரோமமாக ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டிருந்தார்கள், ரெண்டு டம்ளர் குடித்ததும்தான் உயிர் வந்த மாதிரி இருந்தது.

நவம்பர் 11, திங்கள்: அறப்பளீஸ்வரர் கோயில்

காலையில் எதிரில் வரும் ஆள் தெரியாத மூட்டம். கோயிலில் கூட்டம் இல்லை. வேண்டுதலை முடித்துவிட்டு ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போட்டோம், பாக்கெட் 20 ரூபாய். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கலாம் என்று பார்த்தால், தண்ணீர் அதிகமாக வருகிறது, இன்று விடமாட்டோம் என்றார்கள். ஆயிரத்துக்கும் மேல் படி. என் முட்டிக்கு அது நல்லதாகத்தான் போயிற்று.

திரும்பி வருகிற வழியெல்லாம் சித்தியை நிறுத்தினார்கள். "நர்ஸம்மா, என்னைத் தெரியுதுங்களா?" டீக்கடையில் நாலு டீ, ரெண்டு வடைக்குக் காசு வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தார். உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த இருபத்தைந்து வயசுப் பையனைக் கூப்பிட்டு சித்தி முன்னால் நிறுத்தினார். "இவன்தாங்க. தலை திரும்பாம இருந்தவன்." அந்தப் பையன் என்ன செய்வது என்று தெரியாமல் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கும்பிட்டான்.

இங்கே இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசுகிறவர்கள், மலையை ஆள்கிறவர்கள் என்று பேருக்கு விளக்கம் சொல்கிறார்கள். ஊர்களை நாடு என்பார்கள்: வாழவந்தி நாடு, அரியூர் நாடு, இப்படி. ஒரு நாட்டுக்குள் இருக்கிற குக்கிராமங்களுக்குள்ளேயே மணிக்கணக்கில் நடை. சித்தி அதையெல்லாம் நடந்திருக்கிறார்.

அறைக்கு வந்ததும் சாக்குப்பை மாதிரி ஒரு பழைய பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். மஞ்சளாகி ஓரம் கரைந்த நோட்டு. அரசாங்கப் பதிவேடு இல்லை, அதை ஓய்வு பெறுவதற்கு முன்பே ஒப்படைத்துவிட்டார். இது தனக்காக எழுதி வைத்தது. இடது பக்கம் கர்ப்பிணியின் பேர், ஊர், எந்த மாசம், கடைசி மாதவிலக்கு, பிரசவ தேதி. அது எல்லா நர்சும் எழுதுவது. வலது பக்கம் பென்சிலால் நாலு கட்டம் போட்டிருந்தார்: ஆள், முடிவு, ரத்தம், வழி.

புரியாமல் கேட்டேன். அப்போதுதான் 1998 மழைக்காலத்தில் நடந்ததைச் சொன்னார்.

ரோட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊர். மூன்றாவது பிரசவம், வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது, நன்றாக அழுதது. நஞ்சுக்கொடி விழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. மாமனார் ராசிபுரம் சந்தைக்குப் போயிருந்தார், அவர் இல்லாமல் மலையிறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. காத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் கழித்துத்தான் சித்திக்குச் சொல்ல ஒரு சிறுவன் ஓடி வந்தான். டோலி கட்டித் தூக்க ஊரில் ரெண்டே ரெண்டு ஆம்பளை, மத்தவர்கள் எஸ்டேட் வேலைக்கு வெளியூர் போயிருந்தார்கள். தூக்குவது, இறக்கி வைப்பது, மறுபடி தூக்குவது. சித்தி எதிரில் போய்ப் பாதி வழியில் சேர்ந்துகொண்டு, வயிற்றின் மேலே கர்ப்பப்பையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கூட ஓடியிருக்கிறார். ரோட்டுக்கு வந்தபோது ஜீப் இல்லை. ஜீப் வருவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள்.

பிரசவத்துக்குப் பிறகு இப்படி ரத்தம் கொட்ட ஆரம்பித்தால் ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம். அந்த ரெண்டு மணி நேரம் அவளுக்குக் காத்திருப்பதிலேயே முடிந்துவிட்டது. முடிவெடுக்கத் தாமதம், போய்ச் சேரத் தாமதம், சேர்ந்த இடத்தில் வைத்தியம் கிடைக்கத் தாமதம் என்று பொது சுகாதாரம் படிக்கிறவர்கள் மூன்று தாமதம் சொல்வார்கள். சித்தி அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அடுத்த மாசத்திலிருந்து நாலு கட்டம் போட ஆரம்பித்தார். 'ஆள்' என்றால், பிரசவ மாசத்தில் அந்த ஊரில் தூக்குவதற்கு எத்தனை ஆம்பளை இருப்பார்கள். 'முடிவு' என்றால், அந்த வீட்டில் யார் சரி என்றால் கிளம்புவார்கள், அவர் இல்லாவிட்டால் அடுத்து யார். 'ரத்தம்' என்றால் அவளுடைய ரத்த வகை, கொடுக்கக்கூடிய ஆள். 'வழி' என்றால் எந்த ஓடை மழையில் மூடிக்கொள்ளும். ஒரு வரியைப் படித்துக் காட்டினார்: "ஆள் 3. மாமியார் (காது கேக்காது, மருமகன்கிட்ட சொல்லணும்). பி பாசிட்டிவ், அண்ணன். மேல் ஓடை வேணாம்." அந்த வரிக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு சுழி. பிழைத்தவள் என்று அர்த்தமாம்.

நோட்டைக் கேட்டு வாங்கி ராத்திரி பதினொரு மணி வரைக்கும் படித்துக்கொண்டிருந்தேன். சுழி இல்லாத வரிகளும் இருந்தன. அவற்றைப் பற்றி நான் கேட்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்: ஆரம்ப சுகாதார நிலையம்

ஈரக் கம்பளியோ, மூட்டமோ, காலையில் காய்ச்சல் 101. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால் போதும் என்றேன், சித்தி விடவில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்குப் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள், வராந்தா முழுக்கப் பெண்கள், சித்தியும் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

எல்லார் கையிலும் ஒரு டம்ளர். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள், குடித்து ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்ப கால சர்க்கரை. பட்டினியாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரே ஊசிதான், அதனால் எட்டு கிலோமீட்டர் நடந்து வருகிறவளைத் திரும்ப வரச் சொல்லவேண்டியதில்லை. ஒரு பெண் பாதி குடித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள், "ஒரே மூச்சுல குடி, நின்னு நின்னு குடிச்சா வெளிய வந்துரும்" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தாள். ரெண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்துக்கொள்கிறார்கள்.

ரத்த அழுத்தம், எடை, ரத்த அளவு, சிறுநீரில் புரதம், குழந்தையின் துடிப்பு. எல்லாம் சின்னச் சின்னப் பரிசோதனைதான். ஆனால் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி (வலிப்பு) கண்டு சாவது இங்கேதான், இந்த வராந்தாவிலேயேதான் தடுக்கப்படுகிறது. எனக்கு இது சொந்தக் கதை. என் பெண் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாசம் காலும் முகமும் வீங்கி, தலைவலி தாங்கவில்லை. பெரிய ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில், டென்ஷன்தான், ரெஸ்ட் எடுங்க என்று பிரஷர்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். ராத்திரி போனில் சித்தியிடம் சும்மா சொன்னேன். "கண்ணு மங்கலாத் தெரியுதா? மேல்வயிறு வலிக்குதா?" என்று ரெண்டே கேள்வி. அரை மணி நேரத்தில் வேறு ஆஸ்பத்திரியில் இருந்தேன், பிரஷர் 170க்கு 110. ஜன்னி வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இந்த வராந்தாவில் காசில்லாமல் கிடைப்பது, அங்கே எனக்குக் காசு கொடுத்தும் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

பின்பக்கம் ஒரு அறை. நாலு கட்டில், கொசுவலை, ஜன்னலோரம் துவைத்துப் போட்ட புடவை. பிரசவக் காத்திருப்பு அறை என்றார்கள். தூரத்து ஊர்க் கர்ப்பிணிகளைத் தேதிக்குச் சில நாள் முன்பே கூட்டிவந்து தங்கவைக்கிறார்கள், கூட ஒரு ஆள், ரெண்டு பேருக்கும் சாப்பாடு. வலி வந்தபிறகு ஓடுவதற்குப் பதிலாக, வலி வருவதற்கு முன்னாலேயே வந்துவிடுவது. நேற்று கேட்ட கதைக்குப் பிறகு அந்த நாலு கட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தக் கட்டில் அன்றைக்கு இருந்திருந்தால்!

ஒரு கட்டிலில் பத்தொன்பது இருபது வயசுப் பெண், பிரசவ தேதி 19. வீட்டில் ரெண்டு ஆடு சினையாக இருக்கு, யார் பார்ப்பாங்க என்பதே அவளுக்குக் கவலை. துணைக்கு வந்திருந்த மாமியார் தரையில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார், சும்மா உட்கார முடியவில்லையாம், ஊரிலிருந்து எடுத்து வந்துவிட்டார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

"அஞ்சு பெத்தேன். மூணு இருக்கு."

முறத்தை நிறுத்தாமல் சொன்னார். எனக்கு அடுத்து என்ன கேட்பது என்றே தெரியவில்லை. சித்திதான் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கை அள்ளிக் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

2001-03இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20 கணக்கில் அது 54. இந்தியா முழுவதுக்கும் அதே காலத்தில் 301இலிருந்து 97. குழந்தை இறப்பு 2005இல் ஆயிரத்துக்கு 37, 2020இல் 13. இந்த எண்களைப் பல தடவை படித்திருக்கிறேன். அந்த முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் 37க்கும் 13க்கும் நடுவில் இருக்கும் 24 என்ன என்று புரிந்தது.

பிரசவம் பார்க்கும் அறையையும் கதவருகில் நின்று காட்டினார்கள். ராத்திரி பகல் என்று இல்லாமல் ஷிப்டில் நர்ஸ் இருக்கிறார். சித்தி வேலைக்கு வந்த காலத்தில் இது கிடையாது, 2000களின் நடுவில்தான் மூன்று நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் திறந்து வைக்க ஆரம்பித்தார்கள். ஃபிரிட்ஜில் ஆக்ஸிடோசின். குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் 10 யூனிட் தாய்க்கு ஊசி, கர்ப்பப்பை சுருங்க. சுவரில் தொங்கிய ஒரு நீல உடையைக் காட்டி இதென்ன என்றேன். ரத்தப்போக்கு நிற்காத தாய்க்குக் காலிலிருந்து வயிறு வரை இறுக்கிக் கட்டி, பெரிய ஆஸ்பத்திரி போகும்வரை உயிரைப் பிடித்து வைக்கிற உடையாம். சித்தி அதைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டும் பட்டையைப் பிரித்து, ஒட்டி, மறுபடி பிரித்தார். ஒன்றும் பேசவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இன்னும் ரத்தசோகை. சத்து மாத்திரை கொடுத்தால் மலம் கருப்பாகப் போகுது, வயிறு பிடிக்குது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள், ரொம்பக் குறைந்தவர்களுக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றவேண்டியிருக்கிறது. மகப்பேறு உதவி 18,000 ரூபாய், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பொருளாக. மீதி 14,000, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் வருகிற அந்தத் திட்டப் பணம், தவணை தாமதமாகிறது என்று ரெண்டு பேர் முறையிட்டார்கள். மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. 3,000 பேர் ஒரே தெருவில் இருந்தால் சரி. இங்கே அவர்கள் ஒன்பது குன்றில் இருக்கிறார்கள்.

ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் மேலே சொல்லியாக வேண்டும், வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள், மாவட்ட ஆட்சியர் முன்னால் குடும்பத்தாரையும் வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்பார்கள். தொண்ணூறுகளில் இந்த விசாரணையை ஆரம்பித்தபோது சித்திக்குப் பயமாக இருந்ததாம், நம்மைக் குற்றம் சொல்லுவார்களோ என்று. "சில தடவை சொன்னாங்கதான். ஆனா கண்ணு, அதுக்கு முன்னாடி ஒருத்தி செத்தா ஊரு அழும், அதோட சரி. ஏன் செத்தான்னு கேக்கறதுக்கு ஒரு மேசையே கிடையாது."

ராத்திரி மிளகு ரசம், சுட்ட அப்பளம். காய்ச்சல் இறங்கிவிட்டது.

நவம்பர் 13, புதன்: ஒன்பது நாள் குழந்தை

வராந்தாவில் பார்த்த இளம் செவிலியர், இந்த மலைக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது, சித்தியிடம் நேற்றே கேட்டு வைத்திருந்தார். எடை குறைந்த குழந்தை ஒன்றைப் பார்க்கப் போகவேண்டும், அந்த ஊர் உங்களுக்குத் தெரியுமாமே, வர்றீங்களா மேடம். என்னை அறையில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள், நானும் போனேன். காலை தடுப்பூசி வேலை முடித்து பதினோரு மணிக்குக் கிளம்பி, நாலு கிலோமீட்டர் நடை, காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே. அட்டை கடித்ததே தெரியவில்லை, வீட்டு வாசலில் உட்கார்ந்தபோதுதான் சாக்ஸ் சிவப்பாக இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து குனிந்து தானே வைத்துவிட்டார். வேண்டாம் தாத்தா, நானே வச்சுக்கிறேன் என்று காலை இழுத்தாலும் விடவில்லை.

குழந்தை பிறந்தபோது 1.9 கிலோ. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு, நாற்பத்திரெண்டு என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும், இந்தக் குழந்தை ஏழாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் இன்று போகிறார். பிறந்த முதல் 28 நாள்தான் ஆபத்து, ஒரு வயசுக்குள் இறக்கிற குழந்தைகளில் பெரும்பகுதி அந்த நாட்களிலேயே போய்விடுகின்றன.

இளம் செவிலியர் குழந்தையின் துணியை விலக்கிவிட்டு வாட்ச்சைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. குழந்தையின் வயிறு மேலே, கீழே, மேலே, கீழே. கோழி கத்தியது, யாரும் திரும்பவில்லை. நானும் எண்ணினேன், பாதியில் தப்பிவிட்டது. முழுசாக ஒரு நிமிஷம். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாதாம், பச்சைக் குழந்தை மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும். "ஐம்பத்தி ரெண்டு." சித்தியும் தலையசைத்தார், அவருக்கும் அதே எண். அறுபதோ அதற்கு மேலோ போனால்தான் பயப்படவேண்டும், மறுபடி எண்ணிப் பார்த்து அப்படியே இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். உள்ளங்கால் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்கள். எடை 2 கிலோவைத் தாண்டியிருந்தது.

அப்புறம் குழந்தையை அம்மாவின் நெஞ்சில், சட்டை இல்லாமல், தோலோடு தோலாக வைத்து மேலே துணி கட்டினார்கள். எடை குறைந்த குழந்தைக்கு இந்தச் சூடு போதும், மூச்சும் சீராகும், பாலும் குடிக்கும். அப்பா வேலைக்குப் போகாத நேரம் அவரும் இப்படிக் கட்டிக்கொள்ளலாம் என்று செவிலியர் சொன்னதும், வாசலில் நின்ற அந்தப் பையன், இருபத்திரெண்டு வயசு இருக்கும், கூச்சத்தில் வெளியே போய்விட்டான். ஐந்து நிமிஷத்தில் கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தான்.

மாடத்தில் ஒரு தேன் பாட்டில். சித்தி உடனே பார்த்துவிட்டார், நான் பார்க்கவில்லை. குழந்தைக்கு நாக்கில் தேன் தடவுகிறார்களோ என்று கேட்டால் அந்த வீட்டுப் பாட்டி இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். சித்தி அப்படிக் கேட்கவே இல்லை. "ஏங்கம்மா, இவளுக்கு நேத்தே புடிச்சு இருமல், அந்தத் தேனை இவளுக்கு வெலைக்குக் குடுத்துருங்க. புள்ளைக்கு ஒரு வருஷம் தேன் ஆகாது, தாய்ப்பால் மட்டும் போதும். உங்க மருமக பாலு நல்லா இருக்கு, பாருங்க எப்படி முழுங்கறான்." பாட்டி பாட்டிலை என் கையில் வைத்து, காசை வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்தி 200 ரூபாய் கொடுத்தோம். பதிலுக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடாமல் விடவில்லை. சுடச்சுடக் களி, நடுவில் குழி, அதில் கடைசல். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் நல்ல சாப்பாடு.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நாலரை மணி பஸ்ஸை விட்டுவிட்டோம், போனில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் ஒரு பாறைக்கு அடியில் நின்றோம். கடைசியில் அன்னாசி ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது, சித்தி முன்னால், நாங்கள் ரெண்டு பேரும் பின்னால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு. அந்தச் செவிலியர் மழையிலும் தன் பையைத் துப்பட்டாவுக்குள் வைத்து அணைத்துக்கொண்டே வந்தார். தராசு, தெர்மாமீட்டர், குறிப்பேடு, எல்லாம் அதற்குள்.

"மேடம் வச்சிருந்தாங்களாமே ஒரு நோட்டு," என்றார் என்னிடம். "இப்ப எங்களுக்கு எல்லாம் ஆன்லைன்ல ஏத்தணும், பிக்மி நம்பர், அதான் கர்ப்பிணிங்க பதிவு நம்பர், வேணும், அதுல எல்லாக் கட்டமும் இருக்கு. ஆனா வீட்டுல யாரு முடிவெடுப்பாங்கன்னு எழுத ஒரு கட்டம் இல்லைக்கா."

நவம்பர் 14, வியாழன்: இறக்கம்

காலையில் சோளக்காடு என்ற ஊரில் அரைக்கிலோ மிளகும் மலைவாழைப்பழமும் வாங்கினோம். எலுமிச்சம்பழம் மறக்காமல் எடுத்துக்கொண்டேன், இந்தத் தடவை தூரத்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன், வாந்தி வரவில்லை. முப்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் எங்கள் பஸ் ஓரம் கட்டி நின்றது, 108 ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. யாருக்கு என்று தெரியாது. பஸ்ஸில் ரெண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சித்தி மணியைப் பார்த்துக்கொண்டார்.

சேந்தமங்கலத்தில் இறங்கலாம் என்றார் சித்தி. எதற்கு என்றால் பதில் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டேஷனரிக் கடையில் நீள நோட்டு ஒன்று 70 ரூபாய், ஒரு ஸ்கேல், ஒரு பென்சில். பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்து, பக்கம் பக்கமாகக் கோடு போட ஆரம்பித்தார். இடது பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டார், அதைத்தான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறதே. வலது பக்கம் மட்டும் கட்டம். ஆள், முடிவு, ரத்தம், வழி. ஐந்தாவதாக ஒன்று சேர்த்தார்: 'சிக்னல்'. எந்த இடத்தில் நின்றால் போன் எடுக்கும் என்று எழுதவாம்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாமக்கல் பஸ் மூன்று போய்விட்டது, நான் ரெண்டு டீ குடித்தேன். நாற்பது பக்கம் முடித்ததும் முதல் வரியைத் தானே எழுதினார், காத்திருப்பு அறையில் பார்த்த பெண். தேதி 19. ஆள் வேண்டாம், ஏற்கெனவே வந்தாச்சு. முடிவு: மாமியார், சரின்னுட்டாங்க. ரத்தம்: ஓ பாசிட்டிவ், புருஷனுக்கும் அதே. அடியில் சின்னதாக, "வீட்டுல ஆடு ரெண்டு சினை, பக்கத்து வீட்டுல சொல்லி வைக்கணும்."

செம்மேடு போகிற பஸ் வந்ததும் கண்டக்டரிடம் நோட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து, இன்ன நர்ஸம்மாகிட்ட சேத்துருங்க என்றார். நான் இருபது ரூபாய் நீட்டினேன்.

"அந்தச் சிஸ்டர்தானுங்க? எங்க ஊரைத்தான் பாக்கறாங்க. காசெல்லாம் வேணாம்," என்று நோட்டை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், நனையாத இடமாகப் பார்த்துச் செருகிவிட்டு விசில் கொடுத்தார்.